குட்டி ஈனும் ஆட்டிற்கு ஒரு தனி அறை

அதிகாலையில் பெரட்டுக்குப் புறப்படும்போது சினையாடு கொட்டகையில் அமைதியாக நின்றுகொண்டிருக்கிறது. மரம் வெட்டி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு நண்பகலில் வீடு திரும்பும்போது அதன் காலடியில் இரண்டு குட்டிகள் கிடக்கின்றன. ஒன்று தள்ளாடி எழுந்து மடியைத் தேடுகிறது. மற்றொன்று அசைவற்றுக் கிடக்கிறது. தோட்டப்புறத்தில் ஆடு வளர்ப்போர் இக்காட்சியை ஒரு முறையேனும் கண்டிருப்பர். "அதற்கு ஆயுள் அவ்வளவுதான்" என்று கூறிக் குட்டியைப் புதைத்துவிட்டு மறுநாள் வேலைக்குச் செல்வதும் நம்மிடையே வழக்கமாக இருந்து வருகின்றது.

ஆனால் அக்குட்டி எவ்வாறு இறந்தது என்று சற்று ஆராய்ந்து பார்த்தால், அதன் ஆயுளை முடித்தது பெரும்பாலும் நாம் கட்டிய கொட்டகையே என்பது தெரியவரும். பரணின் இடுக்கில் கால் சிக்கியிருக்கலாம். சாரலில் நனைந்து விறைத்திருக்கலாம். பிற ஆடுகள் முட்டித் தள்ளியிருக்கலாம். தாயை விட்டு விலகிச் சீம்பால் கிட்டாமற் போயிருக்கலாம். இவை யாவும் ஆடு ஈனுவதற்கு முன்பே தடுக்கத் தக்கவை. பால் வெட்டுக்குச் செல்பவர் காலை முழுவதும் ஆட்டின் அருகில் இருக்க இயலாது. ஆகவே அவர் இல்லாத நேரத்தில் தாயையும் குட்டியையும் காக்கும் பொறுப்பைக் கொட்டகைதான் ஏற்க வேண்டும். அதற்குரிய சிறிய அறை ஒன்றை எவ்வாறு அமைப்பது என்பதையே இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

தோட்டங்களில் கால்நடை வளர்ப்பது புதிதன்று. துன் அப்துல் ரசாக் பிரதமராக இருந்தபோது, 1974-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பச்சைப் புத்தகத் திட்டம், வீட்டைச் சுற்றிக் காய்கறி பயிரிடவும் கோழி, ஆடு முதலியவற்றை வளர்க்கவும் மக்களை ஊக்குவித்தது. அதே 1970-களில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் ரப்பர் மரங்களுக்கிடையே செம்மறியாடுகளை மேயவிட்டுக் களையைக் குறைக்கும் முறையையும் ஆராய்ந்தது. அக்காலத்தில் லயத்தின் பின்புறத்தில் மண்தரையிலேயே ஆடுகளைக் கட்டியவர்கள் பலர். பின்னர், தரையிலிருந்து உயர்த்திப் பலகைச் சட்டங்களைப் பரப்பிக் கட்டும் பரண் கொட்டகை பரவியது.

பரண் நல்லதே. ஆண்டு முழுவதும் மழை பெய்யும் நம் நாட்டில் மண்தரை எப்போதும் ஈரமாகவே இருக்கும். ஈரத்தில் நிற்கும் ஆட்டிற்குக் குளம்பு அழுகும். புழுக்கையோடு வெளிவரும் குடற்புழுவின் முட்டைகள் பெருகி மீண்டும் வயிற்றுக்குள் செல்லும். பரணின் மேல் நிற்கும் ஆட்டின் புழுக்கையும் சிறுநீரும் இடைவெளி வழியாகக் கீழே விழுந்துவிடுகின்றன. தரை உலர்ந்திருக்கிறது, காற்று கீழிருந்தும் வருகிறது. ஆகையால் பரணைக் கைவிட்டு மீண்டும் மண்தரைக்குச் செல்லுமாறு நாம் கூறவில்லை.

எனினும், வளர்ந்த ஆட்டிற்கு நன்மை செய்யும் அதே இடைவெளியும் அதே காற்றும் பிறந்த குட்டிக்கு எமனாக அமைகின்றன. நமது நாட்டு ஆடாகிய கச்சாங் ஆட்டின் குட்டி பிறக்கும்போது ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடைதான் இருக்கும். அதன் குளம்பு நம் கட்டை விரலைவிடச் சிறியது. கருப்பையின் வெப்பத்திலிருந்து நனைந்த உடலோடு வெளிவரும் அக்குட்டிக்குக் கீழிருந்து வீசும் காற்று எவ்வளவு குளிராக இருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆட்டின் இயல்பான உடல் வெப்பம் ஏறக்குறைய 39 டிகிரி செல்சியசு. மழை பெய்யும் விடியற்காலையில் நம் சமவெளிகளில் வெப்பநிலை 23 டிகிரி அளவிற்கு இறங்கிவிடும்.

சில காலத்திற்கு முன் பேராக் மாநிலத்துத் தோட்டம் ஒன்றில் ஆறு பெட்டை ஆடுகள் வைத்திருந்த குடும்பத்தினரின் கொட்டகையைப் பார்வையிட்டோம். செங்கால் மரத் தூண்கள், நல்ல தகரக் கூரை, கூட்டிப் பெருக்கிய சுற்றுப்புறம். குறை சொல்ல எதுவும் இல்லை என்றே முதலில் தோன்றியது. ஆனால் அவ்வாண்டில் மட்டும் மூன்று குட்டிகளை இழந்ததாகக் கூறினார்கள். பரணைக் குனிந்து பார்த்தபோது சட்டங்களுக்கிடையே ஓர் அங்குலத்திற்கும் மேலாக இடைவெளி விடப்பட்டிருந்தது.

"புழுக்கை தங்காமல் கீழே விழ வேண்டுமே ஐயா, அதனால்தான் அகலமாக விடச் சொன்னேன்" என்றார் வீட்டு அம்மையார். அவர் கூறியதில் நியாயம் உண்டு. ஆனால் ஆட்டுப் புழுக்கை அரை அங்குலத்தினும் சிறியது. அதற்கு ஓர் அங்குல வழி தேவையில்லை. கடைசியாக இறந்த குட்டி முன்னங்கால் இடுக்கில் மாட்டித் தொங்கியபடி இருந்ததாம். கால் முறிந்துவிட்டது, எறும்பும் மொய்த்துவிட்டது. கணவனும் மனைவியும் வெட்டுக்குச் சென்றிருந்த காலை வேளை அது. பள்ளிக்கூடச் செலவிற்கென்று கணக்கிட்டு வளர்த்த குட்டியாம்.

ஆடு தானே ஈனும், அதற்கு மனிதன் துணை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலான ஆடுகள் பிறர் உதவியின்றியே ஈனுகின்றன என்பது உண்மை. ஆனால் மேய்ச்சலில் திரியும் ஆடு ஈனும் வேளையில் கூட்டத்தை விட்டு விலகி, புதர் மறைவில் உலர்ந்த இடமொன்றைத் தானே தேடிக்கொள்ளும். அதனைப் பரணின் மேல் அடைத்தபோது அந்த உரிமையை நாம் எடுத்துக்கொண்டோம். மறைவும், உலர்ந்த மெத்தையும், தனிமையும் அதற்கு இல்லாமற் போயின. ஈனும் அறை என்பது அவற்றைத் திருப்பிக் கொடுப்பதேயன்றி வேறில்லை.

அறைக்குரிய மூலையை முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். புதிதாகக் கொட்டகை கட்ட வேண்டியதில்லை. இருக்கும் கொட்டகையின் ஒரு மூலையைத் தடுத்தாலே போதும். எந்த மூலை என்பதுதான் முக்கியம். மேற்குக் கரை மாநிலங்களில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை 'சுமாத்ரா' என்று அழைக்கப்படும் புயற்காற்று மலாக்கா நீரிணையிலிருந்து மழையோடு பாய்ந்து வரும். அது பெரும்பாலும் விடியற்காலையிலும் முற்பகலிலும் வரும் என்பதை நம் வாசகர்கள் நன்கு அறிவர். வெட்டு நின்றுபோகும் நாள்களில் பல அதனால் வருபவையே. ஆகவே கெடா முதல் ஜொகூரின் மேற்குப் பகுதி வரையிலுள்ளவர்கள் ஈனும் அறையைக் கொட்டகையின் கிழக்கு மூலையில் அமைத்துக்கொள்வது நலம். அங்கு இளவெயிலும் கிடைக்கும். கிளந்தான், திரங்கானு, பகாங் ஆகிய கிழக்குக் கரை மாநிலங்களிலோ நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசுகிறது. அங்குள்ளவர்கள் அதற்கு எதிர்ப்புறமான தென்மேற்கு மூலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எங்கிருப்பினும் கூரையின் இறவாணம் மூன்றடியாவது வெளியே நீண்டிருந்தால்தான் சாரல் உள்ளே வராது.

ஓர் ஆட்டிற்கு நான்கடிக்கு ஐந்தடி அறை போதும். ஜமுனாபாரி, போயர் போன்ற பெரிய இன ஆடுகளுக்கும் அவற்றின் கலப்பினங்களுக்கும் ஐந்தடிக்கு ஐந்தடி விடலாம். இதைவிடப் பெரிதாக்குவதில் பயன் இல்லை. பெரிய அறையில் குட்டி தாயை விட்டு வெகுதூரம் உருண்டு சென்றுவிடும். இரட்டைக் குட்டிகளில் ஒன்றைத் தாய் மறந்துவிடுவதும் உண்டு.

தரையே இந்த அறையின் உயிர்நிலை. மற்ற இடங்களில் பரணின் சட்டங்களுக்கிடையே முக்கால் அங்குலத்திற்கு மேற்படாமல் இடைவெளி இருக்கலாம். ஈனும் அறையில் அது அரை அங்குலமே இருத்தல் வேண்டும். ஏற்கெனவே அகலமாக அமைத்துவிட்டவர்கள் சட்டங்களைப் பெயர்க்க வேண்டாம். ஒவ்வோர் இடைவெளியிலும் மெல்லிய ரீப்பர் ஒன்றை வைத்து ஆணி அடித்தால் போதும். இதற்கு மேல், காற்றும் சாரலும் எட்டாத உட்புற மூலையில் மூன்றடிக்கு நான்கடி அளவுள்ள இடைவெளியற்ற பலகை ஒன்றை விரிக்க வேண்டும். இதனை ஆணியடித்து நிலைப்படுத்தக் கூடாது. எடுத்துக் கழுவி வெயிலில் காயவைக்கத் தக்கதாக இருக்க வேண்டும். மீதியுள்ள பகுதி பரணாகவே இருப்பதால் தாய் அங்குச் சென்று சிறுநீர் கழிக்க இயலும்.

வழவழப்பான பலகை ஈரமானால் குட்டியின் கால்கள் விரிந்து வழுக்கும். முதல் நாளிலேயே அவ்வாறு கால் விரிந்த குட்டியால் எழுந்து நின்று பால் குடிக்க இயலாது. சொரசொரப்பான பழைய ரப்பர் விரிப்புத் துண்டு ஒன்று கிடைத்தால் பலகையின் மேல் போடலாம். அதன் மேல் நான்கு விரற்கடை உயரத்திற்கு உலர்ந்த வைக்கோலையோ, வெட்டி நன்கு காயவைத்த லாலாங் புல்லையோ பரப்ப வேண்டும். மரத்தூள் எளிதில் கிடைப்பதால் சிலர் அதனைப் போடுகிறார்கள். அது வளர்ந்த ஆட்டிற்கு ஏற்றதாயினும் நனைந்த குட்டியின் மூக்கிலும் வாயிலும் ஒட்டிக்கொள்கிறது. பழைய சாக்கும் வேண்டாம். பிரிந்த நூலில் குட்டியின் கால் சுற்றிக்கொள்ளும்.

சுவரைப் பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை. தரையிலிருந்து ஒன்றரையடி உயரம் வரை இடுக்கின்றிப் பலகை அடித்துக் காற்றைத் தடுக்க வேண்டும். அதற்கு மேல் சட்டங்களுக்கிடையே இடைவெளி விட்டு நான்கடி உயரம் வரை கொண்டுசெல்லலாம். முற்றிலும் அடைத்துவிடுவது தவறு. ஆடு கூட்டமாக வாழும் பிராணி. தன் இனத்தைக் காணாவிட்டால் கத்திக் கதறி, தீனி உண்ணாமல் நிற்கும். பிற ஆடுகளைப் பார்க்கவும் வேண்டும், அவை நெருங்கவும் கூடாது; அந்த அளவிற்கே தடுப்பு.

அறையின் ஒரு மூலையில் குட்டிகளுக்கென்று இரண்டடிச் சதுரத்தில் ஒரு சிறு கூண்டு அமைப்பது மிகவும் பயன் தரும். மூன்று பக்கமும் மேற்புறமும் அடைத்து, ஒரு பக்கத்தில் மட்டும் எட்டங்குல அகலமும் பத்தங்குல உயரமும் உள்ள வாயில் விட வேண்டும். தாய் நுழைய முடியாது. குட்டிகள் பால் குடித்தவுடன் தாமே உள்ளே சென்று ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்துக்கொள்ளும். தாய் மிதித்துவிடுமோ என்ற கவலையும் இல்லை. இதற்குள் மின்விளக்கு தொங்கவிட்டுச் சூடேற்றும் வழக்கம் சில இடங்களில் உண்டு. உலர்ந்த புல்லின் அருகே அது தீ விபத்திற்கு வழி வகுக்கும். நம் சமவெளித் தோட்டங்களில் உலர்ந்த மெத்தையும் காற்றுத் தடுப்பும் இருந்தால் விளக்குச் சூடு தேவைப்படாது என்பதே நமது கருத்து.

தண்ணீர் வாளியை அறைக்குள் வைக்கக் கூடாது. ஈனும் ஆடு நின்றபடியே குட்டியை வாளிக்குள் போட்டுவிடுவதுண்டு. தள்ளாடும் குட்டி தானே விழுந்து மூழ்குவதும் உண்டு. வாளியைச் சுவரின் வெளிப்புறத்தில், தாய் தலையை நீட்டிக் குடிக்கும் உயரத்தில் மாட்ட வேண்டும். தீனித் தொட்டியும் அவ்வாறே வெளியில் இருப்பது நல்லது. பாலை உறையவைக்கப் பயன்படும் அமிலம் இருந்த டப்பாக்களையும் களைக்கொல்லி மருந்து இருந்த பீப்பாய்களையும் எவ்வளவு கழுவினாலும் தண்ணீர் வைக்கப் பயன்படுத்தவே கூடாது.

மரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மறுநடவுக்காக வெட்டி வீழ்த்தப்பட்ட ரப்பர் மரம் தோட்டத்தில் தாராளமாகக் கிடைக்கும். மேசை நாற்காலிகள் அம்மரத்தில்தானே செய்யப்படுகின்றன என்று எண்ணி அதனைக் கொட்டகைக்குத் தூணாக நடுபவர்களைக் கண்டிருக்கிறோம். ஆலைகளில் அம்மரத்தை மருந்தேற்றி உலர்த்திய பிறகே பயன்படுத்துகிறார்கள். பச்சை மரத்தை அப்படியே நட்டால் விரைவிலேயே பூஞ்சணம் பிடித்து, வண்டு துளைத்து, உளுத்துவிடும். தூணுக்குச் செங்கால் போன்ற வைர மரமோ, முற்றிய நிபோங்கோ, சிமெண்டுக் காலோ வேண்டும். தடுப்புக்கு மூங்கிற் பிளாச்சு போதும். உளுக்காமலிருக்கப் பழைய இயந்திர எண்ணெய் பூசுவோர், குட்டியின் வாய்க்கு எட்டும் பகுதிகளில் அதனைப் பூச வேண்டாம். குட்டி எதையும் நக்கிப் பார்க்கும்.

பரணின் அடிப்புறம் நான்கடி உயரமாவது இருந்தால்தான் குனிந்து சென்று கூட்ட இயலும். வாரத்திற்கு ஒரு முறை புழுக்கையை வாரி எடுத்துக் காய்கறித் தோட்டத்திற்கு எருவாக்கிக்கொள்ளலாம். வாராமல் விட்டால் சிறுநீரிலிருந்து எழும் நெடி குட்டியின் நுரையீரலைப் புண்படுத்தும். கொசுவிற்காக மாலையில் மூட்டம் போடுவோர் அதனை ஈனும் அறைக்கு நேர் கீழே போடக் கூடாது. மலைப்பாம்பும் நாய்களும் உலவும் தோட்டங்களில் இந்த அறைக்கு மட்டுமாவது இரும்புக் கம்பி வலை அடிப்பது அவசியம்.

அறை ஆயத்தமாக வேண்டிய நாள் எது? ஆட்டின் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள்கள். ஐந்து நாள் முன்பின்னாகலாம். கிடாயோடு சேர்ந்த நாளைக் கொட்டகைக் கதவிலேயே சுண்ணாம்புக் கட்டியால் எழுதி வைக்கலாம். மார்ச் 1-ஆம் தேதி சேர்ந்த ஆடு ஜூலை 29-ஆம் தேதியை ஒட்டி ஈனும். அப்படியாயின் ஜூலை 15-ஆம் தேதியிலேயே அதனை அறைக்குள் விட்டுவிட வேண்டும். கடைசி நாளில் இழுத்துச் சென்று அடைத்தால் மிரண்டு நிற்கும். இரண்டு வாரம் பழகிவிட்டால் அதுவே அதன் வீடு. கிடாய் எப்போதும் மந்தையோடு திரியுமானால் ஆடுகள் முன்னும் பின்னுமாக ஈனும். ஐந்தாறு ஆடுகளுக்கு ஓர் அறை போதும். கிடாயைக் குறிப்பிட்ட காலத்தில் மட்டும் விடுபவர்களுக்கு எல்லா ஆடுகளும் ஒரே வாரத்தில் ஈனக் கூடும். அவர்கள் இரண்டு மூன்று அறைகளாவது தடுத்து வைக்க வேண்டும்.

மடி விம்மி, வாலின் இரு பக்கமும் குழி விழுந்து, ஆடு தரையைக் காலால் பறிக்கத் தொடங்கினால் நேரம் நெருங்கிவிட்டது. அன்று காலை வேலைக்குச் செல்லுமுன் மெத்தையைப் புதிதாக மாற்றிவிட்டு, வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரிடம் அவ்வப்போது எட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போகலாம். பனிக்குடம் உடைந்து ஒரு மணி நேரமாகியும் குட்டி வெளிவராவிட்டால் கால்நடை இலாகா அலுவலரையோ கால்நடை மருத்துவரையோ அழைக்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள் கையை விட்டு இழுப்பது தாயையே கொன்றுவிடும்.

குட்டி விழுந்ததும் மூக்கையும் வாயையும் சுத்தமான துணியால் துடைத்துவிட்டுத் தாயை நக்க விட வேண்டும். தொப்புள் கொடியை அயோடின் மருந்தில் முக்கி எடுக்க வேண்டும். இதற்கு நம்மிடமே நல்ல பாத்திரம் உள்ளது. புதிய பால் மங்கு ஒன்றைக் கழுவி, அதில் பாதியளவு மருந்தை ஊற்றிக் குட்டியின் வயிற்றோடு சேர்த்துப் பிடித்தால் கொடி முழுவதும் நனைந்துவிடும். ஒரு குட்டிக்கு ஊற்றிய மருந்தை மறுமுறைக்கு வைக்காமல் கொட்டிவிட வேண்டும். இவ்வாறு செய்யாதபோது தொப்புள் வழியே கிருமி புகுந்து, சில நாளில் குட்டியின் மூட்டுகள் வீங்கி நொண்டத் தொடங்கும். சீம்பாலை முதல் இரண்டு மணி நேரத்திற்குள் குடித்துவிட்டதா என்று பார்ப்பது மிக மிக முக்கியம். ஆறு மணி நேரம் கடந்துவிட்டால் அதன் காப்பாற்றும் ஆற்றல் குட்டியின் உடலில் சேர்வது வெகுவாகக் குறைந்துவிடும். நண்பகலில் வீடு திரும்பியவுடன் சோற்றுக்கு அமருமுன் குட்டியின் வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒட்டியிருந்தால் தாயின் காம்பைப் பீச்சி அடைப்பை எடுத்துவிட்டு, குட்டியின் வாயில் வைத்துக் குடிக்கச் செய்ய வேண்டும்.

இங்கு நம் உடல்நலத்தைப் பற்றியும் கூறாமல் விட முடியாது. ஈனும் ஆட்டின் நீரிலும் நஞ்சுக்கொடியிலும் மனிதருக்குத் தொற்றும் நோய்க் கிருமிகள் இருக்கக் கூடும். அவற்றுள் புருசெல்லா என்பது கொடியது. 2010, 2011-ஆம் ஆண்டுகளில் பினாங்கில் காய்ச்சாத ஆட்டுப்பாலை அருந்தியதால் 79 பேர் இந்நோய்க்கு ஆளாயினர். ஆகையால் கையுறை அணிந்தே உதவி செய்ய வேண்டும். கருவுற்ற பெண்கள் ஈனும் அறைப் பக்கமே செல்லலாகாது. நஞ்சுக்கொடியை நாய்க்குப் போடாமல் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். சினை முதிராமல் ஆடு குட்டி போட்டுவிட்டால் உடனே கால்நடை இலாகாவிற்குத் தெரிவித்து இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். சீம்பாலானாலும் பிற பாலானாலும் நாம் அருந்துவதாயின் காய்ச்சியே அருந்த வேண்டும்.

மேற்கூறிய வேலைகளைத் தொடங்குமுன் தோட்ட நிர்வாகத்திடம் எழுத்து மூலம் அனுமதி பெற்றுக்கொள்வது நலம். கொட்டகை வீடுகளுக்கும் கிணற்றுக்கும் தள்ளியிருந்தால் அண்டை வீட்டாரோடு மனத்தாங்கலுக்கும் இடமிராது.

இரண்டு வாரம் சென்றபின் குட்டிகள் துள்ளிக் குதிக்கத் தொடங்கும். அப்போது அவற்றைத் தாயோடு மந்தையில் சேர்த்துவிடலாம். பழைய மெத்தையை வாரி எரித்துவிட்டு, பலகையையும் ரப்பர் விரிப்பையும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவி, மூன்று நாள் நல்ல வெயிலில் சாய்த்து வைக்க வேண்டும். சுவரின் கீழ்ப்பகுதிக்குச் சுண்ணாம்பு அடித்து, அறையை ஒரு வாரமாவது வெறுமையாக விட்டு, அதன் பிறகே கதவில் அடுத்த தேதி எழுதப்பட்டிருக்கும் ஆட்டை உள்ளே விட வேண்டும்.